அமரர் ஊர்திக்கு ரொக்கம் மட்டும்

பெரிய மருத்துவமனைக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பக்கத்துச் சந்தில்தான் ஐஸ் அண்ணனின் வண்டி நிற்கும். வெள்ளை வண்டி, பின்னால் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருக்கும். போன் நம்பர்கூட எழுதவில்லை. மருத்துவமனைக் காவலாளி கையைக் காட்டிவிட்டால் ஆட்கள் வந்துவிடுவார்கள். வீட்டில் யாராவது இறந்துபோனால் சொந்தக்காரர் ஒருவர் பைக்கில் வந்து அழைத்துப் போவார். விளம்பரம் செய்து வளர்க்கிற தொழிலா அது?

வாரத்தில் ஓரிரு முறையாவது என் கடையில் இந்தக் கூத்து நடக்கும். அழுது வீங்கிய முகத்தோடு ஒருவர் வந்து நிற்பார். "அண்ணே, வண்டிக்காரர் கேஷ்தான் வேணும்ங்கிறாரு. உங்க கோடுல ஸ்கேன் பண்ணிடுறேன், நோட்டா குடுக்க முடியுமா?" என்பார். கல்லாவைத் துழாவுவேன். போதவில்லை என்றால் மருந்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்து கொடுப்பேன். சிலர் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பிச்சை கேக்குறவங்களே போன நீட்டுற காலத்துல இந்த ஆளுக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?" என்று என் மேல் எரிந்து விழுவார்கள். வீட்டில் துக்கத்தை வைத்துக்கொண்டு நிற்பவரோடு மல்லுக்கு நிற்க முடியுமா? தலையை ஆட்டிவைப்பேன்.

அவர் ஏன் நோட்டு மட்டும் வாங்குகிறார் என்பதற்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். வரிக்குப் பயந்துதான் என்பார் டீக்கடைக்காரர். அவர் முதலில் தன் கடைக்கு ஒழுங்காக பில் போடட்டும். போனைத் தட்டத் தெரியாது என்பார் மருந்துக் கடைக்காரர். என் போன் கெட்டுப்போனால் ஐஸ் அண்ணன்தான் சரி செய்துகொடுப்பார் என்பது அவருக்குத் தெரியாது. உண்மையான காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி, இன்னொருவன் நான். நான் இதுவரை வெளியில் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள், அது அவருக்கு ஆகாது.

குளிர்பெட்டி வண்டி ஓட்டுவதால் 'ஐஸ் அண்ணன்' என்ற பெயர் என்று சொல்வார்கள். முகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பது என் கட்சி. யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனிதருக்குப் போய் அந்தப் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் மட்டும் குடியிருக்கிறது. கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதிர்ந்துகூடப் பார்த்ததில்லை. சின்னக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, டிபன் பாத்திரத்தைத் திறந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான். "சரி." வாடகையைக் குறைத்துக் கேட்டால் சரி. டயர் வெடித்தால் சரி. உலகமே தலைகீழாகப் புரண்டாலும் எந்தப் பக்கம் மேல் என்று பார்த்துக்கொண்டு சரி என்பார். பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஆள் போதவில்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் அவர் வேலையைப் பார்த்தேன். வீட்டுக்குள் போனதும் எல்லாருடைய கண்ணும் கிடத்தியிருக்கும் ஆளிடம்தான் போகும். இவர் கண் வாசல்படிக்குப் போயிற்று. நிலை எவ்வளவு அகலம், படி எங்கே திரும்புகிறது, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்தார். "ரெண்டு பேரு கால் பக்கம் வாங்க. ஒருத்தர் தல பக்கம். திருப்பத்துல நான் சொல்றப்ப தூக்கணும்" என்றார். நடுவில் யாரோ விழுந்து அழுதார்கள். சிக்னலில் நிற்பவர்போல ஒதுங்கி நின்றார். அழுகை ஓய்ந்ததும் தூக்கினார்.

அவருக்கு நேர் எதிர் அவர் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துணிக்கடை ஒன்றுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக்கொடுப்பவர். டிவி தொடரில் யாராவது மூக்கைச் சிந்தினால் இவர் முந்தானை நனைந்துவிடும். "நான் செத்தாலும் இந்த மனுஷன் படி எவ்வளவு அகலம்னுதான் பாப்பாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு சிரிப்பாக இருந்தாலும், உள்ளே குத்துகிறது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் வண்டியில் ஸ்கேன் செய்யும் அட்டையும் இருந்தது. அதை வாங்கி ஒட்டியதே அண்ணிதான். "எல்லாரும் கையில காசே வச்சுக்கறதில்ல. நீங்க மட்டும் நோட்டக் குடுன்னு நின்னா பக்கத்து வண்டியக் கூப்பிட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார். இவர் "சரி" என்றார். முன் கண்ணாடியின் மூலையில் அட்டை ஏறியது. கூடவே பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். முதல் சவாரியிலேயே, வீட்டு வாசலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்போது, அது வண்டிக்குள்ளிருந்து உற்சாகமாகப் பணம் வந்துவிட்டது என்று கத்தியது. அழுதுகொண்டிருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். மறுநாள் அந்தப் பெட்டியை என் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அட்டை மட்டும் வண்டியில் இருந்தது.

பிரச்சினை வந்தது அண்ணியின் உடம்பில். பல மாதமாக உதிரப்போக்கு. சொல்லாமல் மறைத்து, மாத்திரை போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் தையல் மெஷின் மேலேயே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும், ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். திங்கட்கிழமை சேர வேண்டும், சேரும்போதே முன்பணம் கட்ட வேண்டும். அண்ணி தைத்துச் சேர்த்த பணம், வண்டி ஓட்டிச் சேர்த்தது, ஓட்டுநர் சங்கத்தில் வாங்கிய கடன் எல்லாம் ஐஸ் அண்ணன் கணக்கில் இருந்தது. பணத்துக்குக் குறைவில்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை அவர் என் கடைக்கு வந்தார். "தம்பி, கார்டு போட்டா பணம் வரமாட்டேங்குது. போன்லயும் போகல. பேங்குக்கு வரியா?" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டேப்ளர் பின் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

வங்கியில் ஓர் அம்மா கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கணக்க நிறுத்தி வச்சிருக்காங்க சார். ஒரு புகார் வந்திருக்கு" என்றார்.

"என்ன புகார் மேடம்?" என்று நான்தான் கேட்டேன்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவருக்கு ஒரு பணம் வந்திருக்கு. அனுப்பினவர் அன்னைக்கு காலையிலேயே இறந்துட்டாரு. பணம் வந்தது மத்தியானம்."

செத்தவர் எப்படிப் பணம் அனுப்புவார்? ஐஸ் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் பாடி வண்டி ஓட்டுறேன் மேடம். என் வண்டியில போனவரா இருக்கும்" என்றார். அந்த அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

நடந்தது மெல்லப் புரிந்தது. இறந்தவரின் மகனுக்கு அப்பா போனின் ரகசிய எண் தெரிந்திருக்கிறது. அப்பாவை ஏற்றியனுப்பிய வாடகையை அந்தப் போனிலிருந்தே தட்டிவிட்டிருக்கிறான். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவரே தன் வாடகையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இறந்தவரின் மகள் வங்கியில் எழுதிக்கொடுத்திருக்கிறாள்.

"அந்த ஒரு தொகைய மட்டும் நிறுத்துங்க மேடம். மொத்தத்தையும் பூட்டினா எப்படி? திங்கக்கெழம இவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன்" என்று நான் குரலை உயர்த்தினேன்.

"எனக்குப் புரியுது சார். சிஸ்டம் அப்படித்தான் நிறுத்தும், என் கையில இல்ல. புகார் குடுத்தவங்க ஆட்சேபம் இல்லன்னு எழுதிக் குடுத்தா விடுவிச்சுடலாம்." அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார். "உங்கள நேர்ல பாக்கணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. போன் நம்பரும் இருக்கு."

"சரி" என்றார் ஐஸ் அண்ணன்.

அந்தப் பெண் வேறு ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பேன் என்றாள். அதுவரை நான் கையைப் பிசைந்துகொண்டு கிடந்தேன். கடையில் இருந்ததை எல்லாம் வழித்தெடுத்தாலும் முன்பணத்தில் பாதிகூடத் தேறாது. அண்ணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இந்த மனிதர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி மாட்டினார். மின்விசிறியைத் துடைத்தார். மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

"பாத்தியா தம்பி? நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவ மூஞ்சியப் பாக்கறதுக்குக்கூட மனசு வரல இவருக்கு" என்றார் அண்ணி. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஐஸ் அண்ணன் மேல் வந்த ஆத்திரத்தில் அவரோடு போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றியது. அண்ணிக்காகப் போனேன்.

பஸ்ஸில் போகும்போது வழி முழுக்கப் பாடம் நடத்தினேன். "அந்தம்மா எரிஞ்சு விழுந்தாலும் வாயத் திறக்காதீங்க. அண்ணி நெலமைய எடுத்துச் சொல்லுங்க. கண்ணுல தண்ணி வரலன்னாலும் குரலாவது தழுதழுக்கட்டும்ணே" என்றேன். எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, என் கல்லாவிலிருந்து அதே தொகையை நோட்டாக ஒரு உறையில் போட்டு அவர் சட்டைப்பையில் வைத்தேன். ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தையும் நானே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டேன். அவள் கையெழுத்து போட்டால் போதும்.

நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் எதிர்பார்த்த சண்டைக்கோழி முகம் இல்லை. சின்ன அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேசையில் எங்களுக்காக இரண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு, தண்ணீர் எல்லாம் வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் இவரை மட்டும் பார்த்து, "நீங்கதான் அப்பாவக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா." இவர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்கப்பா போன்ல இருந்து வந்த வாடகை. திருப்பிக் கொண்டாந்திருக்கேன்."

அவள் அதைத் தொடாமல் இவர் பக்கமே தள்ளினாள். "காசு எதுக்குண்ணா? எங்கண்ணன் அன்னைக்கு அப்பா போன்ல இருந்து எவ்வளவோ எடுத்திருக்கான். அதுல எதுக்குமே நான் புகார் குடுக்கல. உங்க பேருக்குப் போன அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் குடுத்தேன்."

வாயைத் திறக்காதீர்கள் என்று அவருக்குப் பாடம் சொன்ன நான்தான் வாயைத் திறந்தேன். "அதெப்படிம்மா நியாயம்? எடுத்தவர விட்டுட்டு, ஒழச்சு வாங்கினவர் கழுத்தப் பிடிச்சா? இவர் கணக்கு மொத்தமும் பூட்டிக் கெடக்கு. நாளைக்கு இவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன். ரத்தமே இல்லாம கெடக்காங்க அங்க."

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ. எனக்குத் தெரியாதுங்க. எல்லாத்தையும் நிறுத்திடுவாங்கன்னு சத்தியமா தெரியாது" என்றாள். கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். பேனாவைக் கையில் எடுத்தாள், ஆனால் உடனே கையெழுத்து போடவில்லை.

"நான் வந்து எறங்கும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சுண்ணா. அண்ணன் எனக்காகக் காத்திருக்கல. யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு கேட்டா, ஏதோ ஒரு வண்டின்னான். அப்புறம் பேங்க்ல அப்பா கணக்க எடுத்துப் பாத்தப்ப உங்க பேரு இருந்துச்சு. உங்க நம்பரக் கேட்டேன், தரக்கூடாதுன்னுட்டாங்க. புகார் குடுத்தா சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லுவோம்னாங்க. வேற வழி தெரியல. அதான் எழுதிக் குடுத்தேன்."

"என்னை எதுக்கும்மா பாக்கணும்?" என்றார் ஐஸ் அண்ணன். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"அப்பாவக் கடைசியா பாத்தவர் நீங்கதானே. எப்படி இருந்தாருன்னு கேக்கணும்."

ஒருத்தி தன் அப்பாவின் முகத்தைக் கேட்பதற்காக இவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறாள். அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், சவரம் செய்யாத கன்னம், ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல இருந்தார். ஐஸ் அண்ணன் போனை இரண்டு கையாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். தூங்குகிற மாதிரி இருந்தார் என்று ஒரு வார்த்தை போதும். யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அவளுக்கும் ஆறுதல், கையெழுத்தும் விழும், நாளைக்கு அண்ணி ஆஸ்பத்திரியில் சேரலாம்.

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவருக்கே அது போதவில்லை போலிருக்கிறது. "மொகம் ஞாபகம் இல்ல. வீடு ஞாபகம் இருக்கு. மூணாவது மாடி. லிஃப்ட் கெடையாது. படி திரும்புற எடத்துல ஒரு சைக்கிளப் பூட்டி வச்சிருந்தாங்க. அத எடுக்கச் சொல்லிட்டுத்தான் எறக்கினோம்."

"அது கீழ்வீட்டுக்காரங்க சைக்கிள்" என்றாள் அவள். "அப்பாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. ரெண்டு வருஷமா அவர் அந்தப் படிய எறங்கவே இல்ல." பேனாவின் மூடியைக் கழற்றினாள். "வண்டியில அவர்கூட பின்னாடி யாரு உக்காந்தா?"

கண்ணாலேயே கெஞ்சினேன். மகன் உட்கார்ந்தான் என்று சொல்லித் தொலையுங்களேன்.

"யாரும் உக்காரல. எல்லாரும் கார்ல பின்னால வந்தாங்க."

"நீங்க அவர் பக்கம் திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று முடிவே செய்துவிட்டேன். பேனா ஓடும் சத்தம் கேட்டது. அவள் கையெழுத்து போட்டு, தேதியும் எழுதி, கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினாள். வாசல்வரை வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேன்" என்றாள். அவர் "சரிம்மா" என்றார். செருப்பை மாட்டும்போது எந்தக் காலுக்கு எது என்று தடுமாறினார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பொய் சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க? அந்தப் பொண்ணு எவ்வளவு ஆசையா கேட்டுச்சு" என்றேன்.

"எந்தப் பொய்யச் சொல்றது தம்பி? அவர் எப்படி இருந்தாருன்னே தெரியாதே" என்றார். அவள் வாங்காத உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கடிதத்தைத் திங்கட்கிழமை காலையில் வங்கி திறந்ததும் கொடுத்தோம். கொடுத்தவுடன் பூட்டு திறந்துவிடுமா? தலைமை அலுவலகம் பார்க்க வேண்டும், ஒப்புதல் வர வேண்டும் என்று இழுத்தார்கள். ஆபரேஷன் தேதி கைவிட்டுப் போயிற்று. அந்த வாரம் முழுக்க நான் வங்கிக்கும் கடைக்குமாக அலைந்தேன். அண்ணிக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஐஸ் அண்ணன் வண்டியை ஓட்டினார், இறக்கினார், கை கழுவினார், சாப்பிட்டார். ஒரு வழியாகக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். பணத்தைக் கட்டி அண்ணியைச் சேர்த்தோம்.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். அவர் ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்தபடி, "சரி" என்றார். தள்ளிக்கொண்டு போன நர்ஸுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். நல்லவேளையாக எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் இவர் பதில் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

அண்ணி வீடு திரும்பிய அன்று பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் வண்டி நின்றது. ஐஸ் அண்ணன் பிளேடு ஒன்றை வைத்துக்கொண்டு முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி கிழிந்து தொங்கியது. ஈரத்துணியால் பசையைத் துடைத்துத் துடைத்து, கண்ணாடி சுத்தமாகும்வரை விடவில்லை. நான் நேராக உள்ளே போய் அண்ணியிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

அவர் உள்ளே வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டார். உட்காரவே தெம்பில்லை, ஆனால் குரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "ஒரு தடவ மாட்டிக்கிட்டா அதோட எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்களா? நோட்டக் குடுன்னு நின்னா இனிமே யாரு உங்க வண்டியக் கூப்பிடுவா? எல்லாருமா போய்ப் புகார் குடுக்கப்போறாங்க?"

"புகாருக்காக இல்ல" என்றார்.

"பின்ன எதுக்கு?"

அவர் பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். கையைத் துண்டில் துடைத்தார்.

"அதுல காசு வாங்கினா என் பேரு அவங்ககிட்ட போய் நின்னுடுது" என்றார். "இன்னைக்கு ஒரு பொண்ணு தேடிப் பிடிச்சுது. நாளைக்கு இன்னொருத்தர் வருவாங்க. எங்கப்பா எப்படி இருந்தாரு, எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு கேப்பாங்க. அவ்வளவு தூரம் வந்து கேக்குறவங்களுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? படிக்கட்டுதான் இருக்கு. நோட்டுன்னா கையில வாங்கினதோட முடிஞ்சுது. நான் யாருன்னு யாருக்கும் தெரியாது."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணி மெதுவாக, கோபம் எல்லாம் வடிந்த குரலில் கேட்டார்.

"அப்ப இனிமே ஒரு நிமிஷம் மொகத்தப் பாத்து மனசுல வச்சுக்கங்களேன். பாக்குறதுக்கு என்ன?"

அவர் அப்போதும் அண்ணி பக்கம் திரும்பவில்லை.

"மொதல்ல எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "பாத்தா வண்டி ஓட்ட முடியல."